தாய்மாமன் வரும்வரை

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு என் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போனுக்கு ஒரு தகவல் வந்தது. உங்கள் மகன் முதல் பாடவேளைக்கு வரவில்லை, காரணம் தெரிவிக்கவும். பத்து மணிக்கு அதே தகவல் இன்னொரு தடவை. பதினொரு மணிக்கு ஆளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் பாரிசுக்கு வெளியே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறவன். அந்த நேரத்தில் முழங்கை வரைக்கும் உருளைக்கிழங்கு மசியலில் இருந்தேன். மோவாயால் போனை அமுக்கிப் பேசினேன்.

பையனுக்குக் காய்ச்சல். காலையிலேயே பள்ளிக்குச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. சொல்ல மறந்துவிட்டேன். "அரை நாள்தானே அம்மா" என்று சமாளித்தேன். "அரை நாளும் நாள்தான் ஐயா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். கடைசியாக எப்போது வகுப்பில் இருந்தான், இப்போது வீட்டில் கூட இருப்பது யார், மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் கைகட்டி நிற்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிக் கோபப்பட்டேன். இன்னா திமிர் பாரு, அரை நாளுக்கு இந்த விசாரணையா என்றேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, "நீங்க கோபப்படலாமா? நீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

என் தங்கை மகள் அபிநயா பள்ளிக்கூடமே போகாமல் இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தாள். கொரோனாவால் பாதி. மீதிப் பாதி என்னால். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். திட்டத் தோன்றினால் வரிசையில் வாருங்கள், முதல் இடத்தில் என் மனைவி நிற்கிறாள்.

2

எங்கள் ஊர் பாகூர் ஏரியை ஒட்டியது. நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. நான் பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன். அப்புறம் ஒரு 'நேஷனாலிட்டி' வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கு வந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என் மாமனாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பெண்ணைக் கட்டியவனுக்கு விமானப் பயணமும் குளிரும் சேர்த்துக் கிடைக்கும்.

எனக்கு ஒரே தங்கை, செல்வி. அவளை உள்ளூரிலேயே ஏழுமலைக்குக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சொந்தத்தில் கொஞ்சம் கரும்பு. அதிகம் பேசமாட்டார். ஒரே பெண், அபி. நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடியபோது அவள் பாகூர் அரசுப் பள்ளியில் எட்டாவது முடிக்கிற கட்டம். மூடின மூன்றாம் மாதம் செல்வி போன் பண்ணினாள்.

"அண்ணா, அபி பெரிய மனுஷி ஆயிட்டாண்ணா."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூட வேலை பார்த்த போர்த்துக்கல்காரர் என்னவோ ஏதோ என்று பதறினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், என் மருமகள் பெரியதாகிவிட்டாள் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, கவலைப்படாதே, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் எல்லாருக்கும் உடம்பு போடத்தான் செய்யும், என் மனைவியும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார். நன்றி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

"வூட்டளவுல தண்ணி ஊத்தி உள்ள சேத்துட்டோம்" என்றாள் செல்வி. "மஞ்சள் நீராட்டு ஃபங்ஷன்தான் பாக்கி. தாய்மாமன் நீ இல்லாம எப்டிண்ணா?"

அங்கேதான் என் வாய்க்கொழுப்பு வேலை செய்தது. "நான் இல்லாமயா? செல்வி, நல்லா கேட்டுக்கோ. நான் வந்து எறங்குற வரைக்கும் ஒரு தூசி நகரக்கூடாது. பொண்ணை வாசப்படி தாண்ட வுடாத. நூத்தியோரு தட்டு சீரு. ரெட்டை மேளம். ஊரே வாயைப் பொளக்கணும், ஆமா!"

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் அப்படி ஒரு மரியாதை. பெண்ணின் அப்பாகூட அன்றைக்கு இரண்டாவது ஆள்தான். வெளிநாட்டில் பாத்திரம் கழுவுகிறவனுக்கு இந்த மாதிரி ஒரு நாள்தான் ராஜா வேஷம். அதை யாருக்காவது விட்டுக்கொடுப்பேனா? வாசப்படி தாண்டவிடாதே என்பதை நான் சும்மா வீறாப்புக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன். செல்வி மறக்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான் என்று சின்ன வயதிலிருந்தே இருக்கிறவள் அவள்.

3

அந்தச் சமயத்தில் எல்லாருக்கும் ஆன்லைன் வகுப்பு. என் மகன் அப்போது மழலைப் பள்ளி. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முயலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பான். இங்கே பள்ளிகளைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். முகக்கவசத்தோடு ஓடினான். தமிழில் அவனுக்கு அப்போது இருநூறு சொல் தெரியும். பள்ளி திறந்த பிறகு நூறாகிவிட்டது. அது வேறு சோகம், இருக்கட்டும்.

ஊரில் அபிக்குப் போன் இல்லை என்றாள் செல்வி. சிறப்பு விமானத்தில் ஊருக்குத் திரும்பிய ஒருவர் மூலம் புதுப்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதன் பெருமையை இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மருமகள் என் போனில்தான் படிக்கிறாள் என்று சமையலறை முழுக்கத் தண்டோரா. ஞாயிறுதோறும் அவளோடு வீடியோவில் பேசுவேன்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன் மாமா."

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா மாமா."

கத்திரிக்காய் எங்கே வாங்கினது, மழை உண்டா, ஏரி நிரம்பிவிட்டதா, எல்லாம் கேட்பேன். வகுப்பு நடக்கிறதா என்று ஒரு ஞாயிறுகூடக் கேட்டதில்லை. போன்தான் கொடுத்தாயிற்றே, அப்புறமென்ன?

பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஏரிக்கரை மேல் போய் வரிசையாக உட்கார்ந்துதான் வகுப்புக் கேட்டிருக்கிறார்கள். அபி வாசப்படி தாண்டக்கூடாது. அதுவும் ஏரிக்கரைக்கு, மஞ்சள் நீராட்டு முடியாத பெண், காற்று கறுப்பு இருக்கிற இடம், வேறு வினையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னோடு பேசுவதற்காக, கொஞ்சம் சிக்னல் எட்டுகிற மாடிப்படியில் அவளை ஏற்றி, மாப்பிள்ளை காவலுக்கு நிற்பாராம். மற்ற ஆறு நாளும் நான் கொடுத்த போன் அவர் சட்டைப்பையில் கரும்புக்கொல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

4

பள்ளிக்கூடமும் மூடியிருந்தது, விமானமும் மூடியிருந்தது. இரண்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது.

விமானம் விட்ட பிறகும் என்னால் கிளம்ப முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகியிருந்தது. புது அட்டைக்கு அரசு அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். அந்த நேரத்தை இணையத்தில்தான் வாங்க வேண்டும். இணையத்தைத் திறந்தால், இப்போது இடமில்லை, பிறகு முயலவும். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். இடமில்லை. விரல் ரேகை தேய்கிற வரைக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு நாள் கிடைத்தே விட்டது. போனேன். முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், உங்களுடையது மூன்று மாதமும் நான்கு நாளும் ஆனது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நான் பேசிய தமிழ் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் புரியாமல் போனது என் குடும்பம் செய்த புண்ணியம்.

ஒவ்வொரு தடவையும் செல்விக்கு நான் சொன்னது ஒன்றுதான். அடுத்த மாசம் வந்துடுவேன், கொஞ்சம் பொறு. அவளும் பொறுத்தாள். அதற்குள் அபியை அரசாங்கம் ஒன்பதாவதுக்கு ஏற்றி, அதிலும் பாஸ் போட்டு, பத்தாவதுக்குத் தள்ளிவிட்டது. பத்தாவதுக்குப் பள்ளி திறந்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அபி வீட்டிலிருந்தாள். மே மாதம் பொதுத்தேர்வு வந்தது. அப்போதும் வீட்டிலிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கத்திரிக்காய்க் குழம்பு என்றாள்.

5

ஒருவழியாக அட்டை வந்து, ஆனி மாதத்தில் மூன்று வார லீவு எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். மனைவி பிள்ளைக்கு லீவு இல்லை, நான் மட்டும். ஊர் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நானே நிற்கிறேன்! ஃப்ளெக்ஸ் பேனர். கறுப்புக் கண்ணாடி போட்டு, பின்னால் பாரிஸ் கோபுரம். 'சீர் சுமந்து வரும் பாரிஸ் தாய்மாமனே வருக' என்று எழுதி, மூலையில் பாவம், அபியின் படம் தபால்தலை அளவுக்கு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இரண்டு தடவை திரும்பிப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

விழா வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வீட்டில் பந்தல்காலுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து பட்டுப் பாவாடை தாவணியை எடுத்து அபியிடம் நீட்டினேன். ஆள் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மாமா, வெள்ளிக்கெழம முடிஞ்சிட்டா நான் ஸ்கூலுக்குப் போலாமில்ல?"

"ஏம்மா, இப்ப லீவுதானே? தெறந்தா போவப்போற."

"எட்டாவதுக்கப்புறம் நான் போவலியே மாமா."

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள், ஏதோ நான் தெரியாத மாதிரி நடிக்கிறேன் என்பது போல. "நீதானண்ணா சொன்ன, வாசப்படி தாண்ட வுடாதன்னு. அதான் அனுப்பல. அனுப்பிட்டா நாளைக்கி நீ வந்து இன்னா கேப்ப?"

டிவிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஒன்பதாவது பாடப்புத்தகமும் பத்தாவது பாடப்புத்தகமும் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. பள்ளியில் கொடுத்த இலவசப் புத்தகங்கள், மாப்பிள்ளை போய் வாங்கி வந்து வைத்தது. நான் ஒன்றைப் பிரித்தேன். புதுப்புத்தக வாசனை அப்படியே இருந்தது. நூற்றியோரு தட்டு, இரட்டை மேளம் என்று அத்தனையும் யோசித்தேனே, அடப்பாவி, இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பாகூருக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி, சலித்துப்போன முகம், ஆனால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அபியைப் போல வராமல் போனவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். ஒரு பையன் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், இனி பாகூர் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறான். ஒரு பெண்ணுக்குக் கடலூர்ப் பக்கம் கல்யாணமே முடிந்துவிட்டது. இன்னொருத்தன் வந்தான், இரண்டு நாள் உட்கார்ந்தான், எழுத்துக் கூட்ட வரவில்லை என்று வெட்கப்பட்டு ஓடிவிட்டான்.

"தெறக்கற அன்னிக்கே அழைச்சிட்டு வாங்க சார். பத்தாவதுல திரும்ப ஒக்கார வெக்கறேன். அந்த வாரம் வுட்டுட்டீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்கப்புறம் அவளே வரமாட்டா. நான் பாத்துட்டேன் இந்தப் புள்ளைங்கள."

திங்கள்கிழமை நிச்சயம் வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை விழா, திங்கள்கிழமை பள்ளி. இடையில் என்ன வந்துவிடப் போகிறது?

6

புதன்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் பெரியப்பா செத்துப்போனார். எண்பது தாண்டிய மனிதர், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு. ஆனால் பங்காளி வீடு. பதினாறு நாள் தீட்டு. அது கழிந்து கையை உதறினால் ஆடி. ஆடியில் எவன் மஞ்சள் நீராட்டு வைப்பான்? அதற்கப்புறம் ஆவணி. ஆவணியில் எனக்கு லீவு கிடையாது.

பந்தல்காரரைத் திருப்பி அனுப்பியாயிற்று. சாவு வீட்டு வேலையெல்லாம் முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்தோம். செல்விக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"சரி வுடு" என்றாள் கடைசியில். "ரெண்டு வருசம் இருந்தவ இன்னும் கொஞ்சம் நாளு இருக்கமாட்டாளா? அடுத்த சித்திரைக்கு அண்ணன் லீவு போட்டு வரட்டும். அப்பறம் ஸ்கூலு கீலு பாத்துக்கலாம்."

அவள் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் வைத்த பிரியத்தில் சொன்னாள். அதுதான் என்னைப் போட்டுக் குத்தியது.

"செல்வி, ஃபங்ஷன் வேணாம். திங்கக்கெழம அவ ஸ்கூலுக்குப் போவட்டும்."

"இன்னாண்ணா பேசற? மஞ்சத்தண்ணி சுத்தாம அனுப்பினா ஊரு இன்னா பேசும்? எத்தினி பேருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், எங்கண்ணன் வருவாரு, எங்கண்ணன் செய்வாருன்னு. எத்தினி பேரு சிரிச்சாங்க தெரியுமா, ஒங்கண்ணன் வந்தாப்லதான்னு. எல்லாத்தியும் பொறுத்துக்கினு இருந்தேனே. இப்ப நீயே வேணான்றியே!"

"நான் சொன்னது தப்புமா. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்ப ரெண்டு வருசமா நான் செஞ்சது இன்னா?"

தப்பு என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம், நான் விமானம் ஏறிவிடுவேன். என் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பெற்ற பெண்ணைப் பூட்டி வைத்தவள் அவள். அந்தப் பாரத்தையும் அவள் தலையிலேயே போட்டுவிட்டேனே என்று நினைக்கும்போது அழுகை வந்தது. அழுதும்விட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "மச்சான், ஊரு கேக்குமே."

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க மாப்ள. பாரிஸ்காரனுக்குக் கிறுக்கு புடிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"அத நான் சொல்ல வேணாம். அந்தப் பேனரைப் பாத்தப்பவே சொல்லிட்டாங்க" என்றார். அழுதுகொண்டிருந்த செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. முறைத்துக்கொண்டே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்குமேல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அபி கதவோரத்திலிருந்து சொன்னாள்: "நான் போவல."

7

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் நானும் அங்கே. துணி துவைத்தால் நானும் அங்கே. கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா மாமா வேணும் ஒனக்கு?"

"ஏன் போவலன்னு சொல்லு, போய்டறேன்."

"பேப்பர்லதான் நான் பத்தாவது. மண்டையில ஏழாவதுகூட இல்ல. ஒம்பதாவது டீச்சரு மூஞ்சே எனக்குத் தெரியாது. என் செட்டுப் புள்ளைங்கல்லாம் பாஸாகிப் பதினொண்ணு போய்டுச்சுங்க. சின்னதுங்க நடுவுல நான் ஒட்டகம் மாரி ஒக்காரணும். புக்கைக் குடுத்துப் படின்னுவாங்க. எனக்கு வராது. எல்லாம் சிரிக்கும்."

நாலைந்து நாளைக்கு முன்னால் போலாமா என்று கேட்டவள்தான். வாசல் திறந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்திருக்கிறது. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

"நான் பிரான்சுக்குப் போனப்ப முப்பத்தொரு வயசு" என்றேன். "மொழி வகுப்புல சேத்தாங்க. நாலு வயசுப் புள்ளைங்க படிக்கற பொஸ்தகத்தைக் குடுத்து எழுந்து நின்னு படின்னாங்க. வாத்து தண்ணி குடிக்குது. அவ்ளோதான் பாடம். நான் படிச்சதுல வாத்து தண்ணியக் குடிச்சுதா, தண்ணி வாத்தைக் குடிச்சுதான்னு எனக்கே தெரியல."

"சிரிச்சாங்களா?"

"வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் மணி அடிச்சுது. சாப்புடப் போனோம்."

அவள் நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். சொல்ல வேறு எதுவும் இல்லை, உண்மையிலேயே அவ்வளவுதான் நடந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு, "யூனிபாரம் இல்லியே. பழசு முட்டிக்கு மேல நிக்கிது" என்றாள். அப்போதே எனக்கு உயிர் வந்துவிட்டது.

திங்கள்கிழமை காலை சுடிதாரோடு அவளை மாப்பிள்ளையின் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகவே போனேன். செல்வி வாசல்வரை வரவில்லை. ஆனால் டப்பாவில் எலுமிச்சைச் சோறு கட்டி, அபி கையில் கொடுக்காமல் வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

பள்ளியில் ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். இத்தனை நாள் வராததற்குக் காரணம் என்று ஒரு வரி. செல்வி முன்கூட்டியே சொல்லியிருந்தாள், மஞ்சக்காமாலைன்னு எழுதிடு என்று. நானும் உடல்நலக் குறைவு என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற அபி விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அவ்வளவு நேரம் பிடித்தது அந்த ஒரு வரிக்கு. படித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஒடம்பு கெட்டுப்போவலியே மாமா" என்றாள்.

தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். நான் அதை அடித்துவிட்டு எழுதினேன்: தாய்மாமனாகிய நான் வரும்வரை வீட்டிலேயே இருக்கும்படி சொன்னதால்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "கல்யாணம்னு எழுதியிருக்காங்க, கம்பெனின்னு எழுதியிருக்காங்க. இருபத்தஞ்சு வருசத்துல மாமா வரலன்னு யாரும் எழுதிக் குடுத்ததில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அபி தனியாகத்தான் வகுப்புக்கு நடந்து போனாள்.

முதல் வாரம் நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்றாள். வகுப்பே அவளை அக்கா என்று கூப்பிட்டது. ஒரு ஆசிரியை தினமும் மணியடிக்கும் முன்னால் வந்து அவளுக்கு ஆறாவதிலிருந்து கணக்கைத் தொடங்கினார். காலாண்டில் கணக்குக்குப் பூஜ்யம். அரையாண்டில் ஏதோ கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழம்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் கரையேறிய கதையைச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகும். சுருக்கமாகச் சொன்னால், பத்தாவதில் கணக்கை மயிரிழையில் தாண்டினாள். பன்னிரண்டாவதில் நன்றாகவே தாண்டினாள். இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் முதல் வருடம். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள். மஞ்சள் நீராட்டு அதோடு நின்றது நின்றதுதான். பேனரை மாப்பிள்ளை வைக்கோல்போர் மேல் போர்த்தியிருக்கிறாராம். மழைக்கு நன்றாகத் தாங்குகிறதாம்.

8

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்றிருந்தேன், செல்வி கூப்பிட்டாள். குரலே குதித்தது.

"அண்ணா, அபிக்கு ஒரு எடம் வந்துருக்குது. திருக்கனூர் பக்கம். பையன் மண்டி வெச்சிருக்கான், நல்ல குடும்பம். சீக்கிரம் முடிக்கணுன்றாங்க. அபி அப்பாருக்கும் புடிச்சிருக்குது. தாய்மாமன் வந்து ஒக்காராம தட்டு மாத்த மாட்டோம்னு சொல்லிட்டேன். வெறும் பேச்சுகூட ஒன்ன வெச்சித்தான். எப்பண்ணா வர?"

எனக்குச் சட்டென்று சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்வானேன். அன்று விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துச் செய்யலாம், செல்வியின் மனக்குறை தீரும், நானும் ஊரைப் பார்த்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. லீவுக்கு எழுதிக்கொடுத்தால் கிடைக்கும். அட்டை கையில் இருக்கிறது. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அபியிடமிருந்து ஒரு குரல்பதிவு. பின்னால் ஏரிக்கரைக் காற்று இரைந்தது. தனியாகப் போய் நின்று பேசியிருக்கிறாள்.

"மாமா, நீ வந்து ஒக்காராம பேச்சே எடுக்க மாட்டோம்னு அம்மா அவங்ககிட்ட சொல்லியிருக்குது. அம்மா சொன்னா சொன்னதுதான், ஒனக்கே தெரியும். எனக்கு இன்னும் மூணு வருசம் படிப்பு இருக்குது. அதனால மாமா, நீ வராத."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பிறகு செல்வியைக் கூப்பிட்டேன்.

"இன்னாண்ணா, லீவு குடுத்துட்டாங்களா?"

"எங்கம்மா! மறுபடியும் இந்த அட்டைப் பிரச்சினை. ஆபீசுல நேரம் கேட்டா இடமே இல்லன்றான். நான் வர வரைக்கும் அவங்களைக் காத்திருக்கச் சொல்லு."